பண்டுவம்: சம்பளமில்லாத ஒரு வேலையின் வரலாறு

2004ஆம் ஆண்டு என் அம்மாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து மாதம் கிடையில் கிடந்து இறந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். கரண்டு வைத்து முடிந்த பிறகு, “இனி இங்கே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வரியோடு மருத்துவத்தின் கதை முடிந்தது. என் சித்தியின் கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

சித்தி அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கணவரைப் பிரிந்து தாய்வீட்டில் இருந்தவர். மாமாக்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மனைவிகள் இருந்தார்கள். ஆனாலும் குடும்பம் கூடிப் பேசவே இல்லை. “நீ வீட்டோடதான இருக்க” என்று யாரோ சொன்னார்கள். மறுவாரம் சித்தி மில்லுக்குப் போகவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, மூத்திரத் துணி மாற்றுவது, புண்ணைக் கழுவுவது, கஞ்சியை வடிகட்டிக் கரண்டியில் ஊற்றுவது, இரவு முழுக்க முனகலைக் கேட்டுக்கொண்டு விழித்திருப்பது. இதற்கெல்லாம் சேர்த்துக் கரிசல் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: பண்டுவம். ‘பண்டுவம் பாக்குறா’ என்றால் நோயாளியின் உடம்போடும் கழிவோடும் வலியோடும் ஒரு பெண் குடியிருக்கிறாள் என்று பொருள். அம்மாச்சி இறந்த அன்று நீர்மாலைக்குப் போனதும் கொள்ளி வைத்ததும் மாமாக்கள். “மகன்க குறையில்லாம செஞ்சு அனுப்பிட்டாங்க” என்று ஊர் சொன்னது. சித்தி அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு ஹாஸ்பிஸ் இல்லத்தில் வாரம் ஒரு நாள் தன்னார்வலராகப் போகத் தொடங்கினேன். முதல் நாள் பயிற்சியில் ஒரு செவிலியர், படுக்கைப்புண் வராமல் ஒருவரை எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சித்தியின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. அதே அசைவு, அதே பக்குவம். நான் அங்கே போனால் ‘சேவை’ என்றார்கள். சித்தி வீட்டில் செய்தபோது அதற்குப் பெயரே இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

சத்திரம்

‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் ஒருசேரக் குறிக்கும் சொல். இடைக்கால ஐரோப்பாவில் புனிதப் பயணம் போகிறவர்கள் தங்கிச் செல்லும் இடங்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. நடந்து களைத்தவர், வழியில் நோயுற்றவர், இனி நடக்க முடியாதவர் எல்லாரும் அங்கே படுத்திருப்பார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ச் சத்திரங்கள் இதைத்தான் செய்தன. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னால் இன்றும் சாலையும் சத்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களில் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. சரபோஜி மன்னர் தன் துணைவி முத்தாம்பாளின் பெயரில் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் அவற்றில் ஒன்று. 1801இல் அவர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்றில் சத்திரங்களின் வேலைகளை விவரிக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமல்ல, நோயுற்றவருக்கு மருத்துவரும் மருந்தும், பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கவனிப்பும், அங்கேயே இறப்பவருக்கு அடக்கச் சடங்கும் உண்டு என்கிறது அந்தக் கடிதம். பிறப்பும் சாவும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கப்பட்டிருக்கின்றன.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. பெயரிலேயே சத்திரம். அங்கேயும் சமுசிகாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஓடும் விசைத்தறிகளில் நெய்யப்படுவது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. இந்தியாவின் பல மாநிலங்களில் புண்ணைச் சுற்றும் காஸ் துணி இந்தத் தறிகளிலிருந்து போகிறது. தார் சுற்றுவதிலும், துணியை மடித்து, வெட்டி, பண்டல் போடுவதிலும் பெண்களின் கைகளே அதிகம். ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி நெய்யும் இந்தப் பெண்களின் வீட்டில் ஒருவர் கிடையில் விழுந்தால், தறியை விட்டு எழுந்து வர வேண்டியவரும் அந்தப் பெண்தான். அன்றைய கூலி அன்றோடு போய்விடும்.

லியோன் நகரத்துக் கைம்பெண்கள்

குணமாக்க முடியாத நோயாளிகளுக்கென்றே ஒரு இல்லம் என்ற யோசனை யாரிடமிருந்து வந்தது? மருத்துவர்களிடமிருந்து வரவில்லை. கணவனையும் குழந்தைகளையும் இளவயதிலேயே பறிகொடுத்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடமிருந்து வந்தது. அவர் பெயர் ழான் கார்னியே. 1842இல் லியோன் நகரத்தில் தன்னைப் போன்ற கைம்பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். மற்ற மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளத் தயங்கிய ஏழைப் பெண்களை, ஆறாத புண்ணோடு நாற்றத்தோடு இருந்தவர்களை, அந்தச் சங்கம் ஏற்றுக்கொண்டது. சில கைம்பெண்கள் இல்லத்திலேயே தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலிருந்து வந்து புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இன்று நாம் ஹாஸ்பிஸ் தன்னார்வலர் என்று சொல்கிறவர்களின் முன்னோடிகள் இவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் ஊரிலும் கைம்பெண்களே வீட்டின் நிரந்தரப் பண்டுவக்காரிகளாக இருந்தார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர், பிரசவ வீட்டிலும் சாவு வீட்டிலும் மட்டும் தேவைப்பட்டார். வாழாவெட்டி அத்தை, தாலியறுத்த பெரியம்மா, கல்யாணமாகாத அக்கா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் அந்த வேலைக்கு ஒருத்தி எழுதி வைக்கப்பட்டிருந்தாள். லியோனில் கைம்பெண்கள் ஒன்றுகூடினார்கள். அவர்களுக்குச் சொத்தும் நேரமும் இருந்தன. நம்மூர்க் கைம்பெண் தனித்தனி வீடுகளில் தனித்தனியாக அடைபட்டிருந்தார். வேலை ஒன்றுதான். ஒரு பக்கம் அது வரலாறு ஆனது, மறுபக்கம் தலையெழுத்து ஆனது.

லியோனைத் தொடர்ந்து பல நகரங்களில் பெண்களே இந்த இல்லங்களை நடத்தினார்கள். அயர்லாந்தின் கன்னியர் சபை ஒன்று 1879இல் டப்ளினிலும் 1905இல் லண்டனிலும் இறப்பவர்களுக்கான இல்லங்களைத் திறந்தது. அங்கே அன்பும் சுத்தமும் பிரார்த்தனையும் இருந்தன. வலிக்குச் சரியான மருந்து அளவை அறிவியல் முறையில் கண்டறியும் வேலை அடுத்த தலைமுறைக்குக் காத்திருந்தது.

அந்த வேலையைச் செய்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1918இல் பிறந்த இவர் முதலில் செவிலியர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். 1948இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத நோயாளியோடு நெருங்கிப் பழகினார். இறக்கும்போது டாஸ்மா 500 பவுண்டுகளை அவருக்கு விட்டுச் சென்றார், அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதற்காக. அதன்பின் சிசிலி மாலை நேரங்களில் லண்டனில் இறப்பவர்களுக்கான ஒரு இல்லத்தில் தன்னார்வலராக வேலை செய்தார். அங்கே ஒரு பழக்கத்தைக் கவனித்தார். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காமல், வலி திரும்புவதற்கு முன்பே, மணிக்கணக்கு வைத்து வாய்வழியாக மருந்து கொடுத்தார்கள்.

இதை மருத்துவ உலகம் ஏற்க வேண்டுமானால் செவிலியர் சொன்னால் போதாது, மருத்துவராக வேண்டும் என்று ஒரு அறுவை மருத்துவர் அவரிடம் சொன்னார். முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படிக்கப் போனார் சிசிலி. 1957இல் பட்டம் பெற்றார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலியோடு மனவலி, பணக்கவலை, உறவுச் சிக்கல், வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு எல்லாம் கலந்ததே நோயாளியின் ‘முழு வலி’ என்று அவர் வரையறுத்தார். பண்டுவம் பார்க்கிற பெண்கள் அனைவரும் அறிந்திருந்ததுதான் இது. அதை மருத்துவத்தின் மொழியில் எழுத ஒரு பெண் மூன்று தொழில் மாற வேண்டியிருந்தது.

ஒரு தங்கையின் சாவு

தமிழ்நாட்டில் இந்த வரலாறு ஒரு தங்கையின் சாவிலிருந்து தொடங்குகிறது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மருத்துவராக இருந்தும் கண்ணெதிரே அந்த வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் நடத்திய போராட்டத்தை நாம் படித்திருக்கிறோம். புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அவர் அலைந்ததைக் குறைவாகவே படித்திருக்கிறோம். இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் நிதி திரட்டினார்கள். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற கேள்வியை அன்று எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று, 1955இல் அங்கே சேர்ந்து வாழ்நாள் முழுதும் பணியாற்றிய மருத்துவர் சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு முழு உலகப் பார்வை இருக்கிறது. சாகப்போகிறவருக்கு மருத்துவம் தேவையில்லை என்றால் அவர் எங்கே போவார்? வீட்டுக்கு. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு பெண் இருக்கிறாள். மருத்துவமனை கைவிடும் ஒவ்வொரு நோயாளியும் ஒரு பெண்ணின் கையில்தான் வந்து விழுகிறார் என்பதை அந்தக் கேள்வி கேட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

1952இல் அன்னை தெரசா கொல்கத்தாவின் காளிகாட்டில் தெருவில் சாகிறவர்களுக்காக இல்லம் திறந்தார். உலகமே அதைக் கொண்டாடியது. 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கடுமையான வலிக்கு ஏற்ற மருந்து அங்கே கொடுக்கப்படவில்லை என்று எழுதினார். அதற்குள் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா ஆசிரமம் இந்தியாவின் முதல் நவீன ஹாஸ்பிஸாகத் தொடங்கப்பட்டிருந்தது. 1990களில் சென்னை மாத்தூரில் மயக்கவியல் மருத்துவர் மஞ்சுளா கிருஷ்ணசாமி ஜீவோதயா ஹாஸ்பிஸைக் கட்டியெழுப்பினார்.

ஆனால் மருந்துக்கே தட்டுப்பாடு. மார்ஃபின் தயாரிக்கத் தேவையான அபினியைச் சட்டப்படி பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. அதே இந்தியாவில் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கணக்கில் பிசகு நேர்ந்தால் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தை மருந்துக்கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் ஏற்படுத்தியது. 1985க்கும் 1997க்கும் இடையில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. பல மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே நிறுத்திவிட்டன. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாக்கப்பட்டன.

என் அம்மாச்சி இறந்தது 2004இல். அவருக்குக் கொடுத்தது காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையை விடச் சற்றே வீரியமான ஒன்று. அவருடைய முனகல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அந்த முனகலுக்கும் டெல்லியில் எழுதப்பட்ட ஒரு சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கம்

ராஜபாளையத்துக்கு மேற்கே தெரியும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வலிநிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். நோயாளிகளை மருத்துவமனைக்கு வரவழைப்பதை விட, அவர்கள் இருக்கிற இடத்துக்கே கவனிப்பு போக வேண்டும் என்பதைச் சில ஆண்டுகளில் உணர்ந்தார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புறம் உள்ளிட்ட வட மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே குழுவாகச் சேர்ந்து நடத்தும் முறை பரவியது.

தன்னார்வலருக்கு அவர்கள் வைத்த நிபந்தனை எளிமையானது: வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிறகு பயிற்சி. பயிற்சி பெற்றவர் தன் பகுதியில் கிடையில் இருப்பவர்களைக் கண்டறிவார், செவிலியரோடு வீட்டுக்குப் போவார், அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசி ஏற்பாடு செய்வார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆள் பிடிப்பார். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் இதுவே முதல்.

ஹாஸ்பிஸ் தன்னார்வலர் என்றால் சாவுப் படுக்கையருகே கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுபவர் என்று நானும் நினைத்திருந்தேன். மதுரையில் எனக்குக் கிடைத்த வேலை வேறு. உலர்ந்துபோன உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைப்பது, நகம் வெட்டுவது, தலை சீவிப் பின்னிவிடுவது, நோயாளி ஒரே கதையை ஐந்தாவது முறை சொல்லும்போதும் கேட்பது. புண்ணிலிருந்து வரும் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் குறையும் என்று செவிலியர் செய்து காட்டினார். விலை மலிவான, எல்லா மருந்துக்கடையிலும் உள்ள மாத்திரை. அந்த நாற்றத்துக்காகவே அம்மாச்சியின் கட்டிலைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் அங்கே போவதையே நிறுத்திவிட்டோம். ஒரு மாத்திரையின் பொடி அவருக்கு எங்களைத் திருப்பித் தந்திருக்கும்.

அங்கே நான் கற்ற முக்கியமான பாடம், தன்னார்வலரின் கவனிப்பு நோயாளிக்கு மட்டுமானதல்ல என்பது. கூட வந்திருக்கும் பெண்ணிடம், “நீங்க போய்க் குளிச்சிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்குங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்வதும் வேலையின் பகுதிதான். பெரும்பாலும் அந்தப் பெண் போக மாட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் போவார். போனவர் வராந்தாவில் சுருண்டு படுத்து அடித்துப் போட்டாற்போல் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் இன்னொரு சொல்

பண்டுவத்தைப் போல விருதுநகர் மாவட்டத்தில் இன்னொரு சொல்லும் உண்டு. தலைக்கூத்தல். கிடையில் கிடக்கும் முதியவரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் குடும்பமே சாகவைக்கும் வழக்கம். 2010இல் எங்கள் மாவட்டத்தில் ஒரு முதியவர் தன் குடும்பத்தின் திட்டத்தை அறிந்து தப்பித்து உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்த செய்தி வெளியானது. அதன்பின் நாடெங்கும் இதைப் பற்றி எழுதினார்கள். பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கிய ‘பாரம்’ உட்படத் திரைப்படங்களும் வந்தன.

இது கொலை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. சொத்தைப் பிரிக்கும் அவசரத்தில் நடந்தவையும் உண்டு. ஆனால் செய்திகளும் கதைகளும் இதைச் சொல்லும்போது மருமகளின் கல்நெஞ்சம் என்ற பழைய சரக்கை எடுத்து நீட்டுவதைக் கவனித்திருக்கிறேன். அவள் காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கோ மில் ஷிப்டுக்கோ தறிக்கோ போனவள். திரும்பி வந்து கிடையாளைக் கழுவுகிறவள். விடுப்புக் கிடையாது, மாற்றுக் கை கிடையாது, வலிக்கு மருந்து கிடையாது, இது எத்தனை நாளைக்கு என்று சொல்ல ஒரு மருத்துவர் கிடையாது. இவ்வளவு கிடையாதுகளையும் ஒரு பெண்ணின் தலையில் வைத்துவிட்டு அவள் மனசாட்சியை மட்டும் விசாரிப்பது என்ன நியாயம்?

கிடப்பவரும் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெயரில் நிலமோ வீடோ இல்லாத கைம்பெண்ணின் ஆயுளை நீட்டிக்க யாருக்கும் அவசரமில்லை.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. எட்டாவது மாதம். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து, “இப்படிச் சீரழியறதுக்கு ஒரு நாள் தண்ணி ஊத்தி விட்டுரலாம்” என்றார். கேட்டவர்கள் யாரும் அதிர்ச்சியடையவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. சித்திதான் உள்ளேயிருந்து வந்து, “என் கையில இருக்கிற வரைக்கும் யாரும் அவளத் தொடக்கூடாது” என்றார். இதை நாங்கள் பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லிவந்தோம்.

இந்தக் கட்டுரைக்காகப் போன ஆண்டு சித்தியிடம் பேசியபோது அந்தப் பெருமையை அவரே நிறுத்தினார். “நீங்க எல்லாம் என்னைப் பெரிய இவளாச் சொல்றீக. அந்தாளு சொல்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எனக்கும் தோணுச்சு, ஏத்தா. ராத்திரி மூணு மணி. அவ கத்துறா. நான் தூங்கி நாலு நாளு. ஊத்திரலாமான்னு தோணுச்சு. அவளுக்கு வலி நிக்கணும்னு நெனச்சனா, நான் தூங்கணும்னு நெனச்சனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

எங்கள் மாவட்டத்தில் ஹாஸ்பிஸின் தேவை குறித்து இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். பண்டுவமும் தலைக்கூத்தலும் நல்ல பெண், கெட்ட பெண் என்று இரண்டு பெண்கள் செய்பவையல்ல. ஒரே பெண், ஒரே இரவில், இரண்டுக்கும் நடுவில் தனியாக விடப்பட்டிருக்கிறாள். அவளைத் தனியாக விடாமலிருப்பதே ஹாஸ்பிஸின் முதல் வேலை.

தன்னார்வலர் என்ற பெயர்

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. கிடையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. வட்டார அளவில் இதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அம்மாச்சியின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். மறுப்பதற்கில்லை.

இந்தத் திட்டத்தைத் தெருவில் தாங்கி நிற்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்’. தொடக்கத்தில் மாதத்துக்கு 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. அதாவது சம்பளம் அல்ல. நாடு முழுவதும் ஆஷா பணியாளர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். எங்களை ஊழியர்களாக அங்கீகரியுங்கள் என்று பல மாநிலங்களில் அவர்கள் போராடி வருகிறார்கள்.

இங்கே நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் வாங்குகிற வேலை எனக்கு இருக்கிறது. நான் ஹாஸ்பிஸுக்குப் போகிற நாளில் என் வீட்டில் சமைத்துப் பாத்திரம் கழுவ ஒரு அக்கா வருகிறார். அவருக்கு நான் தருகிற கூலியால்தான் என்னால் கூலி வாங்காமல் இன்னொரு இடத்தில் வேலை செய்ய முடிகிறது. என்னையும் தன்னார்வலர் என்கிறார்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் சுய உதவிக் குழுப் பெண்ணையும் தன்னார்வலர் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் மரியாதை. அவருக்கு அது சம்பள உயர்வும் ஓய்வூதியமும் இல்லாமல் போகிற காரணம். என் சித்திக்கோ அந்தப் பெயரும் இல்லை, அவருடையது ‘கடமை’.

லியோன் நகரத்துச் சீமாட்டிகள் தொடங்கி என்வரை, மனம் உவந்து நேரம் கொடுத்தவர்களால் ஹாஸ்பிஸ் வளர்ந்தது. அந்த மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நேரம் யாரிடம் இருக்கிறது, அந்த நேரம் யாருடைய உழைப்பிலிருந்து மிச்சமானது என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். கொடுக்கக்கூடியவர் இலவசமாகக் கொடுக்கட்டும். பிழைப்புக்காகச் செய்பவருக்குச் சம்பளம் வேண்டும். வீட்டில் செய்பவருக்கு மாற்றுக் கையும், விடுப்பும், விட்ட வேலைக்குத் திரும்பும் உரிமையும் வேண்டும். ஆண்களுக்கும் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது பிறவியிலேயே வரும் கலை அல்ல. எனக்கு ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

சித்திக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மில் வேலைக்கு அவர் திரும்பவே இல்லை. இடம் போய்விட்டது. தெருவில் யாராவது கிடையில் விழுந்தால் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுகிறார்கள். போய், புரட்டும் விதத்தையும் கஞ்சி கொடுக்கும் பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார். மெட்ரோனிடசோல் விஷயத்தை நான் சொன்ன பிறகு, செவிலியரம்மா வந்தால் அதைக் கேட்கும்படி சொல்லிவிட்டு வருகிறாராம்.

கேரளத்தில் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கும் தன்னார்வலர்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் அப்படி ஒருத்தர் நம் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். மருந்து, துணி, பணம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அவ பக்கத்துல உக்காந்தாப் போதும்னு சொல்லியிருப்பேன்” என்றார். “ரெண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன்ல.”